கிறிஸ்துமஸ் மரமா, அடீனியமா?

கேள்வி: மதுரையில் நாலு சென்ட்டில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம், ஐயா. வாசலுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் பத்துக்குப் பதினைந்து அடி மண்தரை இருக்கிறது. அங்கே கிறிஸ்துமஸ் மரம்தான் வைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நிற்கிறார். கொடைக்கானல் போய் வந்ததிலிருந்து அந்த ஆசை. எனக்கு அடீனியம், கற்றாழை மாதிரி சதைப்பற்றுள்ள செடிகள் பிடிக்கும். இரண்டில் எது எங்கள் ஊருக்கு நன்றாக வரும்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இரண்டும் வரும். உங்கள் வீட்டுக்காரர் கேட்கும் மரம் நன்றாகவே வரும். சிக்கலே அதுதான்.

நம் நர்சரிகளில் 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்ற பெயரில், குடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் இரண்டடி உயரத்தில் நிற்கிறதே, அது அராக்கேரியா. கொடைக்கானலில் அவர் பார்த்த பைன் வேறு. அராக்கேரியாவும் ஊசியிலை மர வகைதான். ஆனால் சொந்த ஊர் பசிபிக் கடலில், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நார்ஃபோக் தீவு. 1774-இல் கேப்டன் குக் அங்கே போனபோது, நெட்டுக்குத்தாக நின்ற இந்த மரங்களைப் பார்த்துவிட்டுக் கப்பலுக்குப் பாய்மரம் கிடைத்துவிட்டது என்று கணக்குப் போட்டார். கட்டைக்கு அந்த உறுதி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பாய்மரத்துக்கு ஆகும் என்று ஒரு மாலுமி நினைக்கிற உயரம் எவ்வளவு இருக்கும் என்பதை உங்கள் பத்துக்குப் பதினைந்தோடு வைத்துப் பாருங்கள். சொந்த மண்ணில் 50 மீட்டரைத் தாண்டுகிற மரம் அது. நம் ஊரில் அவ்வளவு போகாது என்றாலும், தரையில் நட்டால் மாடி வீட்டைத் தாண்டிவிடும். பெங்களூரு லால்பாகில் இந்த இனத்து மரங்களை அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நானே இந்தத் தப்பைச் செய்தவன். முழங்கால் உயரக் கன்றை, சுவரிலிருந்து நாலடி தள்ளி, பெருமையாக நட்டேன். முதல் நாலைந்து வருஷம் வருகிறவர்கள் எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது விறுவிறுவென்று கிளம்பி மின்கம்பியைத் தொட்டது. வேறு வழியில்லாமல் ஆள் வைத்து உச்சியை வெட்டினேன். வேம்பையோ முருங்கையையோ வெட்டினால் தழைத்துக் கொள்ளும், அழகும் கெடாது. அராக்கேரியாவில் மேல்நோக்கிப் போகும் வேலை நுனித்தண்டு ஒன்றுக்குத்தான். பக்கக் கிளை சாகும்வரை பக்கவாட்டில்தான் போகும்; அதை வெட்டி வேர்பிடிக்க வைத்தால்கூட, அந்தக் கன்று தரையோடு படுத்துத்தான் வளரும், நிமிராது. உச்சி போன என் மரத்தில், வெட்டின இடத்துக்குக் கீழே தண்டிலிருந்து மூன்று புதிய உச்சிகள் போட்டிபோட்டுக்கொண்டு கிளம்பின. காற்றில் திருப்பிக்கொண்ட குடை மாதிரி இன்றும் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. நார்ஃபோக் பைன் என்ற பெயரில் வெப்பநாடுகளில் விற்கிற கன்றுகளில் பல உண்மையில் அதன் சகோதரமான குக் பைன், நியூ கலிடோனியாக்காரர். சின்னக் கன்றில் வித்தியாசம் கண்டுபிடிப்பது பெரும்பாடு. இந்த குக் பைனுக்கு ஒரு விசித்திரப் பழக்கம்: எந்த நாட்டில் வளர்ந்தாலும் நிலநடுக்கோட்டுப் பக்கம் சாயும். ஐந்து கண்டங்களில் மரங்களை அளந்துபார்த்து 2017-இல் ஓர் ஆய்வே வந்தது. சராசரிச் சாய்வு எட்டு டிகிரிக்கு மேல். வட பாதியில் இருக்கும் மதுரையில் அது தெற்கே சாயும். உங்கள் தெற்கில் யார் வீடு இருக்கிறது?

இப்போது அடீனியத்துக்கு வருகிறேன். எனக்கு இந்தப் பக்கம் சாய்வு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதியிலும் அரேபியாவிலும் வளர்கிற செடி. நம் அரளியின் குடும்பம். பாலும் அரளி போலவே விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். வீட்டில் குழந்தை, நாய்க்குட்டி இருந்தால் திண்ணை உயரத்துக்கு மேல் வையுங்கள். வெட்டிவிட்டால் கையைக் கழுவுங்கள்.

இந்த மாதிரிச் செடிகளில் பலவும் வெயிலைத் தாங்குவது எப்படி என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல கதை இருக்கிறது. தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக லால்பாகைக்கூடப் பார்த்துக்கொண்டவர் பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர். ரணகள்ளி இலையை அவர் காலையில் கடித்துப் பார்த்தார்: நல்ல புளிப்பு. மதியம் கடித்தார்: சப்பென்று இருந்தது. 1813-இல் இதை லண்டனுக்குக் கடிதமாக எழுதினார். சாதாரணச் செடி பகலில் இலைத்துளையைத் திறந்து மூச்சு வாங்கும், கூடவே தண்ணீரையும் இழக்கும். ரணகள்ளி ராத்திரியில்தான் திறக்கும். வாங்கியதை அமிலமாக இலையில் சேர்த்துவைத்து, பகலில் கதவைச் சாத்திக்கொண்டு செலவழிக்கும். விடியலில் புளிப்பதும் மதியத்தில் புளிப்பு போவதும் அதனால்தான். கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் இதே ரகம். (நீங்கள் கடித்துப் பார்க்க வேண்டாம்; ரணகள்ளியிலும் நச்சு உண்டு.) அராக்கேரியாவோ பகலில் திறக்கிற சாதி. சித்திரை வெயிலில் இளங்கன்றின் வேர் காய்ந்தால் கீழ்க்கிளை பழுப்பாகிவிடும். பழுத்துக் காய்ந்த கிளைக்குப் பதிலாக அந்த இடத்தில் இன்னொன்று வராது.

ஆனால் 'சக்குலென்ட்டுக்கு வேலையே இல்லை' என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெயிலில் ஒரு வேலையும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில்தான் உண்டு. விடாமல் நாலு நாள் மழை பெய்யும், இலை பச்சையாகத்தான் இருக்கும், உள்ளே அடித்தண்டு அழுகிக்கொண்டிருக்கும். அதனால் அடைமழை தொடங்கியதும் தொட்டியை சன்ஷேடுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். வாரம் ஒருமுறை அந்தக் குண்டுத் தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பச்சைத் தேங்காய் மட்டை மாதிரி கெட்டியாக இருந்தால் சரி. பழுத்த சப்போட்டா மாதிரி அமுங்கினால் அன்றைக்கே பிடுங்குங்கள். கத்தியைச் சுத்தம் செய்து, வெள்ளைச் சதை தெரிகிறவரை அழுகலைச் சீவி எடுத்து, மஞ்சள்தூளோ காப்பர் ஆக்சிகுளோரைடோ தடவி, நிழலில் ஒரு வாரம் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் ஒரு வாரமா என்று பயப்பட வேண்டாம். பாதித் தண்டு போன அடீனியம்கூட அடுத்த சித்திரையில் பூத்ததைப் பார்த்திருக்கிறேன்.

கலவை: ஒரு பாதி கரடுமுரடான மணலும் பொடித்த செங்கல் சல்லியும். மீதியில் செம்மண், நன்றாக மக்கிய தொழுவுரம். நார்க்கழிவு வேண்டாம், ஈரத்தை விடாது. ஆறு மணி நேர வெயில். வாங்கும்போது குண்டுத்தண்டு வேண்டுமென்றால் விதையில் வந்த செடியைக் கேளுங்கள். கிளை ஊன்றி வந்ததில் அந்தப் பருமன் சரியாக வராது.

என்னைக் கேட்டால், உங்கள் கணவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: அராக்கேரியாவை வாங்கலாம், ஆனால் தரையில் இறக்க வேண்டாம். பெரிய தொட்டியில், காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம் வைத்தால் பல வருஷம் ஆள் உயரத்திலேயே ஓட்டலாம். மார்கழியில் ஹாலுக்குள் கொண்டுபோய் நட்சத்திரம் கட்டிக்கொள்ளட்டும். டிசம்பரில் பொன்பச்சை நிறத்தில், கசக்கினால் எலுமிச்சை வாசம் வருகிற சைப்ரஸ் தொட்டிகளும் கடைக்கு வரும். அதற்கு மட்டும் ஆசைப்பட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். கிளைகளை விலக்கி உள்ளே பார்த்தாலே தெரியும், வெளியில் பொன்னாகவும் உள்ளே பழுப்பாகவும் இருக்கும். அந்தப் பழுப்பு மறுபடி பச்சையாகாது. குளிரில் பழகிய அது மதுரைக் கோடையைத் தாண்டுவது அபூர்வம்.

அந்த மண்தரையில் மேடுகட்டி அடீனியத் தொட்டிகளை வையுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரே ஆள், ஒரே ட்யூப், ஒரே ஐந்து நிமிஷம் என்று தண்ணீர் விடுவார். ஒன்று காயும் அல்லது ஒன்று அழுகும்.

கேள்வி: எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் சவுக்குக் கிளையைத்தான் வெட்டி நிறுத்துவோம். சவுக்கும் பைன் ஜாதிதானே? தோட்டத்திலேயே ஒன்று வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: பார்க்கத்தான் பைன். சவுக்கு பூக்கிற மரம், ஊசியிலை இனத்தோடு உறவே கிடையாது. ஊசி என்று நாம் நினைப்பது இலையே இல்லை, பச்சைக் குச்சி. ஒன்றைப் பறித்து இரண்டு கையாலும் மெல்ல இழுங்கள், கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒரு கணுவை வெளிச்சத்தில் பிடித்தால் சுற்றிலும் ஆறேழு குட்டிப் பற்கள் தெரியும். அவைதான் இலைகள். வைக்கலாம், கடல் காற்றுக்கு அதைவிடத் தோதான மரம் கிடைக்காது. ஆனால் அடியில் மெத்தை மாதிரி சருகு விழும், அங்கே வேறு எதுவும் முளைக்காது. வேலி ஓரமாக, வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். வருஷா வருஷம் ஒரு கிளை வெட்டினால் சவுக்கு கோபித்துக்கொள்ளாது.