தார்ப்பாயும் தொங்கு படுக்கையும்: சரக்கு பார்த்து வாங்கும் முறை

அறுவடைக் காலத்திலும் மழைக்காலத்திலும் மட்டுமே நகர்ந்துகொண்டிருந்த தார்ப்பாய், இப்போது கோடை விடுமுறையிலும் விற்பனையாகிறது. ஏற்காடு, ஏலகிரி, கொல்லிமலை, கொடைக்கானல் பக்கம் சென்று திறந்த வெளியில் தங்கும் இளைஞர்கள் கயிறு, டார்ச், தார்ப்பாய் என்று பட்டியலோடு கடைக்கு வருகிறார்கள். அந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்திருப்பது மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கும் தொங்கு படுக்கை. ‘ஹேமக் இருக்கிறதா?’ என்றுதான் கேட்பார்கள். மலையடிவார ஊர்களில் உள்ள கயிற்றுக் கடை, ஹார்டுவேர் கடை, விவசாயச் சாமான் கடை நடத்தும் நம் உறுப்பினர்கள் பலர் இந்தச் சரக்கை வாங்கி அடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

கிராக்கி வந்தால் வாங்கி விற்க வேண்டியதுதான். ஆனால் நெல் அம்பாரத்தை மூடிய பாய் கிழிந்தால் நஷ்டத்தைப் பணத்தால் ஈடு கட்டலாம். ஆள் படுத்திருக்கும் படுக்கை அறுந்து முதுகெலும்பில் அடிபட்டால் எதைக் கொண்டு ஈடு கட்டுவது? ஆகவே இந்த இரண்டு சரக்கையும் எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்குபவரிடம் என்ன சொல்லி விற்பது என்பதை எங்கள் மொத்த வியாபார அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறோம்.

தராசும் டேப்பும்

தார்ப்பாய் என்ற ஒரே பெயரில் மூன்று வகைச் சரக்கு விற்கிறது. முதலாவது கித்தான். பருத்தித் துணியில் மெழுகும் இரசாயனமும் ஏற்றித் தண்ணீர் புகாதபடி செய்தது. அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் கித்தானில் தார் பூசியதால் ஆங்கிலப் பெயரிலேயே தார் ஒட்டிக்கொண்டது. நம் வாயில் அது தார்ப்பாய் ஆகி, தமிழ்ச் சொல் போலவே பொருந்திவிட்டது. இதற்கு ஐ.எஸ். 2089 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு. கித்தானுக்கு அடியில் புழுக்கம் குறைவு. தீப்பொறி பட்டால் பிளாஸ்டிக் போல உருகிச் சொட்டாது. ஆனால் 18 அடிக்கு 12 அடிப் பாய் பெரும்பாலும் 8 கிலோவைத் தாண்டும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து நூல் இற்றுவிடும். சுமந்துகொண்டு மலை ஏறுகிறவருக்கு இது ஆகாது. ஜீப்பில் போய்த் தோட்டத்தில் தங்குகிறவருக்கு இதைப் போன்ற சரக்கு இன்றும் இல்லை என்பது எங்கள் கருத்து.

இரண்டாவது, எச்.டி.பி.இ. நெசவுப் பாய். பிளாஸ்டிக் நாடாக்களைத் தறியில் நெய்து இரு பக்கமும் பூச்சுக் கொடுத்தது. இதன் தர நிர்ணயம் ஐ.எஸ். 7903. மூன்றாவது, நெசவே இல்லாமல் பிளாஸ்டிக் தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது. இதை ஊரே ‘சில்பாலின்’ என்கிறது. அது ஒரு கம்பெனியின் வியாபாரப் பெயர். வேறு கம்பெனிச் சரக்கைக் கொடுத்துவிட்டு பில்லில் அந்தப் பெயரை எழுதுவது தவறு.

பிளாஸ்டிக் பாயில் ஏமாற்று நடப்பது ஜி.எஸ்.எம். என்ற எண்ணில்தான். ஒரு சதுர மீட்டர் பாய் எத்தனை கிராம் எடை என்பதே அந்த எண். லேபிளில் 200 என்று அச்சடிக்க யாருக்கும் செலவில்லை. நம்மிடம்தான் தராசு இருக்கிறதே, நிறுத்துப் பார்க்கலாம். நீளம், அகலம் இரண்டையும் அடியில் அளந்து பெருக்கினால் சதுர அடி. அதை 10.76 ஆல் வகுத்தால் சதுர மீட்டர். பாயின் எடையைக் கிராமில் எடுத்துச் சதுர மீட்டரால் வகுத்தால் உண்மையான ஜி.எஸ்.எம். வந்துவிடும். 18க்கு 12 அடிப் பாய் 216 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 20 சதுர மீட்டர். 200 ஜி.எஸ்.எம். என்றால் 4 கிலோ இருக்க வேண்டும். விளிம்புக் கயிறும் ஐலெட்டும் சேர்த்து இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். தராசு 2 கிலோ 600 காட்டினால் அது 130 ஜி.எஸ்.எம். சரக்கு. விலையையும் அதற்குத் தகுந்தபடி பேச வேண்டும்.

நிறுப்பதற்கு முன் டேப் பிடிக்க மறக்கக் கூடாது. வெளி மாநிலத்திலிருந்து எங்களுக்கு வந்த ஒரு பேலில் 18க்கு 12 என்று எழுதிய பாய்கள் எல்லாம் பதினேழரைக்குப் பதினொன்றரை அடியாக இருந்தன. கேட்டால், ‘அது கட்டிங் சைஸ், மடித்துத் தைத்ததில் போய்விட்டது’ என்று பதில். பக்கத்துக்கு அரை அடிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் 216 சதுர அடிக்கு 201 சதுர அடிதான் வருகிறது. நூற்றுக்கு ஏழு பங்கு சரக்கு இல்லை. பேலைத் திருப்பி அனுப்பினோம். தைத்து முடித்த அளவே அளவு என்று ஆர்டர் எழுதும்போதே குறித்துவிட்டால் பிறகு வாதாட வேண்டியதில்லை.

எடை சரியாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. பிளாஸ்டிக்கோடு சுண்ணாம்புப் பொடியைக் கலந்து எடை காட்டும் வழக்கம் உண்டு. அப்படிப்பட்ட பாய் கனமாக இருக்கும், பலம் இருக்காது. நகத்தளவு துண்டு ஒன்றை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி போகும்படி விரலால் தேய்த்துவிட்டுப் பாருங்கள். நல்ல பாலிஎதிலீன் தண்ணீரை விட இலேசானது, மிதக்கும். பொடி அதிகம் கலந்தது மூழ்கும். மடித்து அழுத்திய இடம் வெள்ளையாகக் கோடு விழுந்து அப்படியே நின்றாலும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

வெயிலைத் தாங்கும் யு.வி. மருந்து கலந்திருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு வெயிலே சாட்சி. கை அகலத் துண்டில் பாதியை அட்டையால் மூடி, மாசி மாதத்தில் மொட்டை மாடியில் ஆணி அடித்து விட்டுவிடுங்கள். வைகாசி முடிவில் எடுத்து இரண்டு பாதியையும் இழுத்துப் பாருங்கள். வெயில் பட்ட பாதி அப்பளம் போல நொறுங்கினால் அந்தச் சரக்கு அடுத்த ஆர்டரில் வேண்டாம். வெளியில் தங்குகிறவர் ஒரு கோடையில் பத்து நாள் கட்டினால் அதிகம் என்றாலும், அதே பாய்தான் மீதி நாளில் அவர் வீட்டு வண்டியை மூடிக்கொண்டு வெயிலில் கிடக்கும்.

ஐலெட்டில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, துருப்பிடித்துப் பாயையும் அரிக்கும். பித்தளை, அலுமினியம் ஒட்டாது. நான்கு மூலையிலும் கூடுதல் துண்டு வைத்துத் தைத்திருக்கிறதா என்பதும் முக்கியம், ஏனெனில் காற்று முதலில் மூலையைத்தான் பிய்க்கும்.

தூளி வேறு, தொங்கு படுக்கை வேறு

1492இல் கொலம்பஸ் பஹாமாத் தீவுகளில் இறங்கியபோது அங்குள்ள மக்கள் பருத்தி வலையில் படுத்திருந்ததைக் கண்டு குறித்திருக்கிறார். அவர்கள் ‘ஹமாகா’ என்றதுதான் இன்று ஹேமக் ஆகியிருக்கிறது. நம் வீட்டுத் தூளியும் இதன் உறவு போலத் தோன்றும். ஆனால் பாரம் இறங்கும் விதத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நம்மில் பலர் கவனிக்காதது இதுதான்.

தூளியின் இரு முனையும் விட்டத்தில் ஒரே கொக்கிக்குச் செங்குத்தாகப் போகின்றன. 10 கிலோ குழந்தை என்றால் பக்கத்துக்கு 5 கிலோதான். தொங்கு படுக்கையோ இரண்டு மரங்களுக்கு நடுவே பக்கவாட்டில் இழுத்துக் கட்டப்படுவது. கயிறு கிடைமட்டத்துக்கு நெருங்க நெருங்க இழுவிசை ஏறிக்கொண்டே போகும். 75 கிலோ எடையுள்ள ஒருவர் அசையாமல் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கயிறு 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொரு முனையிலும் 75 கிலோ இழுக்கும். 15 டிகிரி என்றால் 145 கிலோ. விறைப்பாகக் கட்டுகிறேன் என்று 10 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 216 கிலோ. இன்னொருவர் தொப்பென்று வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். கயிறு ஓர் அடி நீளவாட்டில் போனால் ஏழு அங்குலம் இறங்க வேண்டும். அதுவே 30 டிகிரி. படுத்தபின் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் இருக்கத் தேவையில்லை. நேராகப் படுக்காமல் சற்று மூலைவாட்டில் படுத்தால் முதுகு வளையாது. அதற்கு நீளம் 10 அடியும் அகலம் 5 அடியும் உள்ள படுக்கை வேண்டும். ஏழு அடிப் படுக்கை மலிவாகக் கிடைக்கிறது. அது சிறுவர்களுக்குத்தான் சரி.

துணியைப் பொறுத்தவரை, பருத்தி உடம்புக்கு இதமானது, ஆனால் மழையில் நனைந்து காயாமல் கிடந்தால் இற்றுவிடும். நைலான் பலமானது, இலேசானது, சீக்கிரம் காயும். ஈரத்தில் கொஞ்சம் நீளும். பாலியெஸ்டர் நீள்வது குறைவு, வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். ஆகவே படுக்கை நைலானாகவும், மரத்தில் சுற்றும் பட்டை பாலியெஸ்டர் நாடாவாகவும் இருப்பது நல்ல சேர்க்கை. பட்டை ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும், முடிச்சு விழுந்த இடத்தில் பலமும் வெகுவாகக் குறையும். கித்தான் கடைகளில் விற்கும் மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு கொடி கட்டத்தான். ஆளைத் தொங்கவிட அல்ல.

வாங்கும்போது துணியைவிட முனையைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும். துணி சுருங்கிக் கயிற்றில் சேரும் மடிப்பில் இரண்டு அல்லது மூன்று வரிசைத் தையல் இருக்க வேண்டும். காரபைனர் கொக்கியில் ‘கே.என்.’ என்று எண்ணோடு பொறித்திருக்கும். ஒரு கே.என். ஏறக்குறைய 100 கிலோ. எண் எதுவும் பொறிக்காத கொக்கி சாவிக்கொத்துக்கு உரியது. திறந்த எஸ் வடிவக் கொக்கியோடு வரும் சரக்கை நாங்கள் எடுப்பதில்லை.

வலைப் படுக்கையில் ஒரு தனி எச்சரிக்கை. இரு முனையிலும் அகலக் கட்டை இல்லாத சிறு வலைப் படுக்கைகளில் கழுத்து சிக்கிக் குழந்தைகள் இறந்ததால், 1996இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அப்படிப்பட்டவற்றை இலட்சக்கணக்கில் திரும்பப் பெற ஏற்பாடு செய்தது. விலை மலிவு என்று தூளிக்குப் பதிலாக யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். சேலைத் தூளியில் விரல் நுழையும் கண்ணி கிடையாது.

எங்கே கட்டப் போகிறார்

விற்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. தொடை கனமுள்ள உயிர் மரம் வேண்டும். பட்ட மரமும் செங்கல் தூணும் கூடாது. மாடித் தூண் மேலிருந்து இறங்கும் பாரத்துக்காகக் கட்டப்பட்டது. பக்கவாட்டில் 200 கிலோ இழுத்தால் தூணே படுத்திருப்பவர் மேல் வந்துவிடும். தென்னையில் கட்டினால் படத்துக்கு அழகுதான். மேலே குலை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

10 அடிப் படுக்கைக்கு மேலே கட்டும் பாய் பக்கத்துக்கு ஓர் அடியாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஆகவே 12க்கு 10 அடி. ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர் என்றால் சாரலுக்கு 12க்கு 12 வேண்டும். 120 ஜி.எஸ்.எம். பாயில் 12க்கு 10 ஏறக்குறைய 1 கிலோ 350 கிராம்தான், சுமக்க எளிது. நடுவில் முகட்டுக் கயிறு போட்டு இருபுறமும் நல்ல சரிவாக இறக்க வேண்டும். தட்டையாகக் கட்டினால் தண்ணீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றாலே 25 கிலோ பாரம். படுக்கையின் கயிறு வழியாக மழைநீர் வழிந்து உள்ளே வருவதைத் தடுக்க, பாய்க்குள் வரும் இடத்தில் அந்தக் கயிற்றில் ஒரு நூல் துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் அதோடு சொட்டிவிடும். இதைச் சொல்லிக் கொடுத்த கடையை வாங்கினவர் மறப்பதில்லை.

பிளாஸ்டிக் பாய்க்கு அடியில் அடுப்பு வைக்கவே கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இறந்த பிறகு, அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்திருக்கின்றன.

நாம் சொல்லும் வார்த்தை

‘அண்ணாச்சி, இது எவ்வளவு வெயிட் தாங்கும்?’ என்ற கேள்விக்கு, ‘யானையே படுக்கலாம், எடுத்துட்டுப் போங்க தம்பி’ என்று பதில் சொல்லும் பழக்கம் நம் கடைகளில் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, தயாரிப்பாளர் கொடுக்காத உத்தரவாதத்தை விற்பவர் தானாகக் கொடுத்து, பொருள் அதற்கு ஒவ்வாமல் போய்ச் சேதம் நேர்ந்தால் விற்பவரே பொறுப்பாளி ஆகலாம். தயாரித்தவர் யார் என்றே தெரியாத சரக்கை விற்றாலும் அப்படித்தான். ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சொல்லாமல் விடுவதும் அதில் வருகிறது.

ஆகவே பேக்கிங்கில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, அளவு, விலை இல்லாத சரக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம். பொட்டலப் பொருள் விதிகள், 2011 கேட்பதும் இவற்றைத்தான். தாங்கும் எடை எவ்வளவு என்று கேட்டால் லேபிளில் அச்சிட்டதை வாசித்துக் காட்டுங்கள். பில்லில் ‘தார்ப்பாய் 1’ என்று எழுதாமல் வகை, அளந்த அளவு, நிறுத்த எடை மூன்றையும் எழுதுங்கள். மொத்த வியாபாரியிடம் நீங்கள் வாங்கும் பில்லிலும் இதே மூன்றும் வரும்படி கேட்டு வாங்குங்கள். எங்கள் கடை பில் உட்பட.