நெடுநாள் ஓய்ந்து கிடந்த டீசல் எஞ்சினை மீண்டும் இயக்குதல்

நிலக்கடலையில் ஊசி இறங்கும் பருவத்திலும், நெல்லில் கதிர் வெளிவரும் பருவத்திலும் பயிர் தண்ணீருக்காகக் காத்திருக்காது. அந்த நேரத்தில் மின்மோட்டார் பழுதானால், கொட்டகையில் கிடக்கும் பழைய ஆயில் எஞ்சின்தான் நினைவுக்கு வரும். தமிழகத்தில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணமில்லா மின்சாரம் கிடைத்த பிறகு, இத்தகைய எஞ்சின்கள் பல ஓய்ந்துவிட்டன. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பகுதி உழவர்கள் தம் எஞ்சினை எவ்வாறு மீண்டும் இயக்கலாம் என்பதை இங்குக் காண்போம்.

அவசரத்தில் பலரும் முதலில் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றுகிறார்கள். அவ்வாறு செய்தல் கூடாது. உலர்ந்து போன பேரிங்கும், துருப்பிடித்த சிலிண்டரும் அந்தச் சில சுற்றுகளிலேயே தேய்ந்து கீறிவிடும். ஹேண்டில் கடைசி வேலையாக இருத்தல் வேண்டும்.

எஞ்சின் ஓட என்ன தேவை?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் நாசில் தூவும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே நன்கு நெருக்கப்பட்ட காற்று, தூய டீசல், உராய்வைத் தடுக்கும் ஆயில் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் எஞ்சின் ஓடியே தீரும்.

1. வெளிப்புறச் சோதனை

காற்று வடிகட்டியையும் புகைக் குழாயையும் கழற்றிப் பாருங்கள். குளவிக் கூடு, எலி சேர்த்த குப்பை ஆகியவை இருக்கக்கூடும். கொட்டகையில் பாம்பு ஒதுங்கியிருக்கலாம்; முதலில் கோலால் கிளறிப் பார்ப்பது நலம். பம்பை இணைக்கும் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள்.

2. இறுகிய எஞ்சினைத் தளர்த்துதல்

டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி வைத்துவிட்டு, பிளைவீலைக் கையால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசையாவிடில் நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியே டீசலும் எஞ்சின் ஆயிலும் சம அளவில் கலந்து இரண்டு மூன்று கரண்டி ஊற்றுங்கள். ஓர் இரவு ஊறிய பின், பிளைவீலை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தளராவிட்டால் மறுநாளும் இவ்வாறே செய்யலாம். சம்மட்டியால் அடிப்பதும், டிராக்டரால் இழுப்பதும் கூடாது.

தளர்ந்த பிறகு, நாசிலைப் பூட்டும் முன் சில சுற்றுகள் சுற்றி, ஊற்றிய எண்ணெயை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் உள்ளேயே தங்கினால் பிஸ்டன் அதை நெருக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாசில் துளைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

மேல் மூடியைத் திறந்து, சுற்றும்போது இரு வால்வுகளும் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். ராக்கர் ஆர்மிலும் வால்வுத் தண்டிலும் ஆயில் விடுங்கள்.

3. ஆயில்

பழைய ஆயிலை முழுவதும் வடித்துவிடுங்கள். அது மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது என்று பொருள். கசிவு எங்கிருந்து என்று கண்டு சரி செய்த பின்னரே புது ஆயில் ஊற்ற வேண்டும். பிறகு டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கியபடியே சுமார் 50 சுற்று சுற்றினால் பேரிங்குகளுக்கு ஆயில் சென்றடையும்.

4. டீசல்

டேங்கின் அடியில் தண்ணீரும் பிசினும் தங்கியிருக்கும். டேங்கைக் கழுவி, பில்டரை மாற்றி, புது டீசல் ஊற்றுங்கள்.

அடுத்து, டீசல் பம்பின் ரேக் தடையின்றி நகர்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். நிறுத்தும் லிவரை இயக்கினால் ரேக் முழுவதும் நகர்ந்து டீசலை நிறுத்த வேண்டும். முழு டீசல் நிலையில் ரேக் இறுகியிருந்தால், எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்து பிளைவீலே சிதறக்கூடும்.

பின்னர் குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். முதலில் பில்டரில் உள்ள திருகையும், அடுத்து பம்பில் உள்ள திருகையும் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் முடுக்குங்கள். கடைசியில் நாசில் அருகேயுள்ள நட்டைத் தளர்த்திச் சுற்றி, டீசல் வந்ததும் முடுக்கிவிடுங்கள். இப்போது சுற்றினால் நாசிலில் ‘கிர்க்’ என்ற ஒலி கேட்க வேண்டும். நாசில் தூவும் இடத்தில் கையைக் காட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். அவ்வாறு நேர்ந்தால், காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

5. குளிர்விக்கும் தண்ணீர்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் ஆலைக் கழிவால் பல கிணறுகள் உப்பாகியுள்ளன. இவ்வாறான நீர் எஞ்சினின் நீர்ப்பாதையை அரிக்கும். கடின நீர் படிவாகி அடைக்கும். ஒரு பக்கம் ஊற்றிய நீர் மறுபக்கம் தாராளமாக வருகிறதா என்று பாருங்கள். உப்புக் கிணறு உள்ளோர், தொட்டியில் நல்ல நீர் நிரப்பிச் சுழலவிடுதல் நலம்.

6. ஸ்டார்ட் செய்தல்

தொங்கும் துண்டு, தளர்ந்த வேட்டியுடன் அருகில் செல்லாதீர்கள். பிளைவீலுக்கு நேராக எவரும் நிற்கக் கூடாது. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை தப்பும். டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி, வேகமாகச் சுற்றி, வேகம் ஏறியதும் லிவரை விட்டுவிடுங்கள்.

காற்றுக் குழாயை மூட ஒரு பலகையை அருகில் வைத்திருங்கள். எஞ்சின் நிற்காமல் வேகமெடுத்தால், பலகையால் குழாய் வாயை அடைத்து நிறுத்தலாம். கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது.

7. ஓடத் தொடங்கிய பின்

பத்து நிமிடம் சுமையின்றி ஓட்டுங்கள். ஆயில் அழுத்தத்தையும், குளிர்நீர் ஓட்டத்தையும் கவனியுங்கள். தொடக்கத்தில் வெண்புகை வருவது இயல்பு. அது நிற்காவிடில் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் கலக்கிறது. நீலப்புகை ஆயில் எரிவதையும், கரும்புகை நாசில் கோளாறு, காற்றுத் தடை அல்லது அதிகச் சுமையையும் காட்டும்.

கிணற்றுக்குள் எஞ்சின் வேண்டாம்

தரையில் உள்ள சாதாரண பம்பு நடைமுறையில் 6 முதல் 7 மீட்டர் ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்சும். நீர்மட்டம் இறங்கியதும் எஞ்சினைக் கிணற்று மேடைக்கு இறக்குவது உயிருக்கு ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. இந்த வாயு இருந்தாலும் விளக்கு அணையாது எரியும். ஆகவே விளக்கை இறக்கிப் பார்த்து நம்பக் கூடாது. கிணற்றுக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் அடுத்தவர் இறங்காமல், உடனே தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள். நீர்மட்டம் ஆழமாக இருந்தால், வேறு வகைப் பம்பு பற்றி வேளாண்மைப் பொறியியல் துறையினரைக் கேட்டறியலாம்.

எஞ்சின் இயங்கத் தொடங்கியபின், மாதம் இருமுறை அரை மணி நேரமாவது ஓட்டி வாருங்கள். பயிர் வாடும் நாளில் எஞ்சினோடு போராட வேண்டியிராது.