கை தாமதமா? கவனம் தாமதமா?
(மூன்றாம் ஆண்டு, ஈ.சி.ஈ.)

ஆம்ப்ளிஃபயர், ஃபில்டர், நாய்ஸ் எல்லாம் பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறீர்களா? ஒரு நோயாளியைத் தவறாக எடை போடாமல் இருக்கவும் அவை உதவுகின்றன. எப்படி? பார்ப்போம்.

நோய் என்ன?

1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோய் இது. நடுமூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. கை நடுங்கும், உடல் இறுகும், ஒவ்வொரு அசைவும் மெதுவாகும். சிலருக்குக் கவனமும் குறையும்.

இங்கேதான் சிக்கல். "சத்தம் கேட்டதும் பட்டனை அழுத்துங்க" என்று சோதித்தால் நோயாளி தாமதமாகத்தான் அழுத்துவார். தாமதம் கவனத்திலா, விரலிலா? ஸ்டாப் வாட்சுக்குத் தெரியாது. "பெரியவருக்கு எதுவும் புரியல" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம்!

கையை விட்டுவிடுவோம்

1924-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலையை முதன்முதலில் பதிவு செய்தார். அதுதான் ஈ.ஈ.ஜி. 1965-இல் அமெரிக்காவில் சாமுவேல் சட்டன் குழுவினர் அதில் ஒரு தனி அலையைக் கண்டார்கள். அதன் பெயர் பி-300.

சோதனை எளிது. ஹெட்போனில் 1000 ஹெர்ட்ஸ் ஒலி அடிக்கடி வரும். ஐந்தில் ஒரு முறை 2000 ஹெர்ட்ஸ் ஒலி வரும். அதை மட்டும் மனதுக்குள் எண்ண வேண்டும். பட்டன் கிடையாது. கவனித்து எண்ணினால், அரிய ஒலி வந்து சுமார் 300 மில்லி செகண்டில் அல்லது சற்றுப் பிந்தி, உச்சந்தலை எலக்ட்ரோடில் ஒரு பாசிட்டிவ் அலை எழும்.

கணக்கு நம்முடையது

அந்த அலை 10 மைக்ரோவோல்ட், மற்ற மூளை அலைகளின் இரைச்சல் 30 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் மூழ்கிப் போச்சு! ஆனால் ஒலி வந்த நேரத்தை வைத்து 36 பதிவுகளை அடுக்கிச் சராசரி எடுங்கள். இரைச்சல் ஒழுங்கில்லாதது, அது √36, அதாவது 6 மடங்கு குறைந்து 5 மைக்ரோவோல்ட் ஆகிவிடும். அலை அப்படியே நிற்கும்.

36 அரிய ஒலிக்கு மொத்தம் 180 ஒலி. இரண்டு செகண்டுக்கு ஒன்று என்றால் 6 நிமிடம். இரைச்சலை இன்னும் பாதியாக்க நான்கு மடங்கு, அதாவது 24 நிமிடம் வேண்டும். அதற்குள் நோயாளி களைத்துவிடுவார். களைத்தால் கவனமும் போய்விடும். நல்ல ரீடிங்கா, நோயாளியின் களைப்பா? இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு தொல்லை நடுக்கம். அது 4 முதல் 6 ஹெர்ட்ஸ். எலக்ட்ரோடு ஒயர் ஆடினால் அதுவும் சிக்னலில் ஏறும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஹம்மை டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர் பெருமளவு தள்ளிவிடும். நடுக்கத்தை அப்படி வெட்ட முடியாது; பி-300-உம் மெதுவான அலைதான், இரண்டும் சேர்ந்தே போகும். ஒயரை இறுக்கிக் கட்டுவதும், கையைத் தலையணையில் வைப்பதும், கெட்டுப்போன பதிவுகளை ஒதுக்குவதும்தான் வழி.

முடிவு என்ன?

பார்க்கின்சனோடு டிமென்ஷியாவும் உள்ளவர்களிடம் இந்த அலை தாமதமாவதாகப் பல ஆய்வுகள் கண்டன. டிமென்ஷியா இல்லாதவர்களிடம் முடிவு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. வயது ஏறினாலும் அலை பிந்தும். ஆகவே அதே வயதுக்காரரோடுதான் ஒப்பிட வேண்டும். மாத்திரை போட்ட நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இதை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது.

ஆனால் ஒன்று நிச்சயம். கை மெதுவாக வருகிறது என்பதற்காக மனமும் மெதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லக் கூடாது. பதில் சொல்ல அவருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்!