மாமியார் பெயரை அடித்துவிட முடியாது

கேள்வி: எனக்கு வயது 71. திருச்சியில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். என் கணவர் தம் சம்பாத்தியத்தில் 1994-ல் இடம் வாங்கிக் கட்டிய வீடு. 2016-ல் அவர் காலமானார்; உயில் எதுவும் எழுதவில்லை. மகன் சென்னையில், மகள் சிங்கப்பூரில். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை ஆயிற்று. இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனமில்லை. வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, வாசற்படிக்குப் பதில் ஒரு சரிவு, பகலில் துணைக்கு ஓர் ஆள், இவ்வளவு இருந்தால் போதும். வீட்டை அடமானம் வைத்து மாதாமாதம் பணம் வாங்கும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். "பத்திரம் உங்கள் பெயரில் இல்லை, வாரிசுச் சான்றிதழில் நான்கு பேர் இருக்கிறார்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான்காவது பெயர் என் மாமியார். அவரும் 2019-ல் தவறிவிட்டார். அவர் பெயரை நீக்கிப் புதுச் சான்றிதழ் வாங்கினால் கடன் கிடைக்குமா? மகன், "வீட்டை என் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிடும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்கிறான். எழுதலாமா?

வாசகி, திருச்சி

பதில்: அம்மா, நீங்கள் அனுப்பிய ஆறு பக்கக் கடிதத்தைத்தான் மேலே சுருக்கியிருக்கிறேன். வங்கி மேலாளர் முகம் கொடுத்துப் பேசாதது, மருமகள் போன் எடுக்காதது எல்லாம் படித்தேன். உங்கள் விஷயத்தைத் தீர்மானிக்கப்போவது அவை எதுவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரிதான்: கணவர் இறந்த அன்று அவரைப் பெற்றவர் உயிரோடு இருந்தார்.

உங்கள் குடும்பம் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். வேறு மதமானால் கணக்கு மாறும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அவருடைய தாயாரும் முதல் வகுப்பு வாரிசு. நான்கு பேருக்கும் சம பங்கு. உங்கள் மாமியாருக்கு 2016-லேயே இந்த வீட்டில் கால் பங்கு சேர்ந்துவிட்டது. அவர் 2019-ல் இறந்ததும் அந்தக் கால் பங்கு மறைந்துபோகவில்லை, உங்களிடம் திரும்பி வரவும் இல்லை. அது அவருடைய வாரிசுகளுக்குப் போனது. அவருக்கு மூன்று பிள்ளைகள்: இறந்துவிட்ட உங்கள் கணவர், உங்கள் கொழுந்தனார், நாத்தனார். கணவருக்குச் சேரவேண்டிய பாகம் உங்கள் மகனுக்கும் மகளுக்கும் போகும். மருமகள் என்ற முறையில் உங்களுக்கு அதில் ஒன்றும் கிடையாது.

வீட்டை 24 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 6, மகனுக்கு 7, மகளுக்கு 7, கொழுந்தனாருக்கு 2, நாத்தனாருக்கு 2. முப்பது வருடமாக வாசல் தெளித்துக் கோலம் போட்ட வீட்டில் உங்களைவிட உங்கள் பிள்ளைகளுக்குப் பங்கு அதிகம் என்பது கேட்கக் கசப்பாக இருக்கலாம். ஆனால் வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். மாமியார் பெயரை நீக்கிப் புதுச் சான்றிதழ் கேட்டால் தாசில்தார் தரமாட்டார். தகவலை மறைத்து வாங்கினால் அது பொய்ச் சான்றிதழ், பிறகு உங்கள் மேலேயே வழக்கு வரும். மாமியாருக்குத் தனியாக வாரிசுச் சான்றிதழ் வாங்குவதே முறை. அவருடைய இறப்புச் சான்றிதழையே இன்னும் வாங்கவில்லை என்கிறீர்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

இனி நான் கொஞ்சம் கடிந்து பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 2016-க்கும் 2019-க்கும் இடையில் மூன்று வருடம் மாமியார் உங்களோடு அதே வீட்டில்தான் இருந்திருக்கிறார். "எல்லாம் உனக்குத்தானே" என்று அவரே சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சொன்னவரை ஒருநாள் ஆட்டோவில் ஏற்றி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருந்தால், ஒரே கையெழுத்தில் முடிந்திருக்கும். எழுந்து வர முடியாதவர் என்றால் வீட்டுக்கே வந்து பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தில் இடமிருக்கிறது. காரியம் நடந்து பதினாறாம் நாளே பத்திரத்தைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லை என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம். பதினாறாம் நாள் வேண்டாம், முதல் வருடத் திதி முடிந்தாவது பேசியிருக்கலாமே. பட்டா இன்றும் கணவர் பெயரில், வீட்டு வரி கணவர் பெயரில். வீட்டுக் கடன் 2008-ல் முடிந்தும், அடமானம் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்யாததால் வில்லங்கச் சான்றிதழில் அது இன்னும் தொங்குகிறது. மூலப்பத்திரம் எங்கே என்று கேட்டால் "ஜெராக்ஸ் இருக்கிறது" என்று பதில். ஜெராக்ஸை வைத்து எந்த வங்கியும் பத்து ரூபாய்கூடத் தராது. பழைய கடன் கொடுத்த இடத்தில் மூலப்பத்திரம் கிடக்கிறதா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அந்த 20 ரூபாய் முத்திரைத்தாள்! கொழுந்தனார், "எனக்கு இந்த வீட்டில் பங்கு வேண்டாம்" என்று ஐந்து பேர் முன்னிலையில் எழுதிக் கொடுத்ததைப் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அவருடைய நல்ல மனசுக்கு அது சாட்சி, அவ்வளவுதான். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் உரிமையை விட்டுக்கொடுப்பதைப் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவாகாத அந்தத் தாளால் அவருடைய பங்கு உங்களுக்கு மாறாது.

நீங்கள் கேட்ட கடனைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தத் திட்டம் 2007-ல் தேசிய வீட்டுவசதி வங்கியின் வழிகாட்டுதலோடு வந்தது. 60 வயது ஆனவர், தம் பெயரில் வில்லங்கமில்லாமல் இருக்கும், தாமே குடியிருக்கும் வீட்டை ஈடு வைத்து மாதம்தோறும் பணம் வாங்கலாம். மாதத் தவணை கட்டவேண்டியதில்லை. வீட்டைச் செப்பனிட, மருத்துவத்துக்கு, அன்றாடச் செலவுக்கு என நீங்கள் கேட்கும் காரியங்கள் எல்லாம் அதில் அனுமதிக்கப்பட்டவையே. உங்கள் காலத்துக்குப் பிறகு, கடனையும் வட்டியையும் கட்டி வீட்டை மீட்கும் முதல் வாய்ப்பு பிள்ளைகளுக்கு. அவர்கள் கட்டாவிட்டால் வங்கி வீட்டை விற்கும். மிச்சம் இருந்தால் வாரிசுகளுக்கு வரும், குறைந்தால் அவர்கள் கையிலிருந்து கேட்க முடியாது. கடனாக வரும் இந்தப் பணத்துக்கு வருமான வரியும் இல்லை.

கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். வட்டியை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒரு கணக்குக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம், மாதம் 10,000 ரூபாய் என்று வைத்தால், 15 வருடத்தில் உங்கள் கைக்கு வந்தது 18 லட்சம். வீட்டின் மேல் ஏறிய கடன் ஏறக்குறைய 41 லட்சம். இதை மகனும் மகளும் இப்போதே காகிதத்தில் பார்க்கட்டும். பிறகு "அம்மா எங்களுக்குச் சொல்லவில்லை" என்று வரக்கூடாது.

உங்களைக் குறிப்பாகப் பாதிக்கும் இரண்டு நிபந்தனைகளும் இருக்கின்றன. மாடியில் 7,000 ரூபாய் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறீர்கள். இந்தக் கடனில் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவதே கடனைத் திரும்பக் கேட்கும் காரணங்களில் ஒன்று. வாடகைதாரரை மறைத்து விண்ணப்பிக்க வேண்டாம். அடுத்தது, தொடர்ந்து ஒரு வருடம் நீங்கள் அந்த வீட்டில் குடியிருக்காமல் போனால், நிரந்தரமாக வெளியேறியதாகக் கொள்ளப்பட்டுக் கடன் முழுவதும் உடனே நிலுவையாகும். மறுபடி விழுந்து சென்னையில் மகன் வீட்டில் பதினைந்து மாதம் தங்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வீட்டிலேயே இருப்பதற்காக வாங்கும் கடன் இது. இருக்க முடியாமல் போனால் கழுத்தைப் பிடிக்கும்.

ஆகவே வழி இதுதான். மகன், மகள், கொழுந்தனார், நாத்தனார் நால்வரும் தங்கள் பங்குகளை உங்களுக்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் மூலம் எழுதித் தரவேண்டும். மகள் சிங்கப்பூரிலிருந்து வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பொது அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டவேண்டும், தவறவிடாதீர்கள். குடும்பத்தாருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையிலிருந்து 40,000 ரூபாய். கொழுந்தனாரும் நாத்தனாரும் உங்களுக்கு எழுதித் தரும்போது அந்தச் சலுகை பொருந்துமா என்பதைப் பத்திரம் தயாரிக்கும் முன்பே சார்பதிவாளரிடம் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை. திட்டத்தின் விதி 'சுயமாகச் சம்பாதித்த சொத்து' என்கிறது. வாரிசாகவும் விடுதலை மூலமும் உங்களுக்கு வரும் வீடு உங்களுடைய முழு உரிமைச் சொத்துதான், சட்டத்தில் சந்தேகமில்லை. ஆனால் கடன் கொடுப்பவர் அதை ஏற்பாரா என்பது வேறு விஷயம். "இப்படிப் பெயர் மாற்றினால் பரிசீலிப்பீர்களா?" என்று வங்கியிடம் எழுத்தில் பதில் வாங்காமல் தீர்வைக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

மகன் கேட்கும் செட்டில்மென்ட் பற்றி: எழுதாதீர்கள். முதலில், நீங்கள் எழுதிக் கொடுக்க முடிவது உங்கள் 6 பங்கை மட்டுமே. அதையும் கொடுத்துவிட்டால், இருக்கும் வீட்டில் நீங்கள் விருந்தாளி. உங்கள் மகனைத் தவறாகச் சொல்லவில்லை. அவரை எனக்குத் தெரியாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவு, பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரத்தைப் பராமரிக்காதபோது ரத்து செய்ய வழி தருகிறது. அந்த நிபந்தனை இருந்ததாகக் காட்டவேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூத்தவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. எந்தத் தீர்ப்பு உங்களைக் காப்பாற்றும் என்று எண்பது வயதில் கோட்டாட்சியர் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கவேண்டுமா? என்றைக்காவது எழுதியே தீரவேண்டும் என்ற நிலை வந்தால், பராமரிப்பு நிபந்தனையும் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையும் பத்திரத்திலேயே இருக்கட்டும்.

நால்வரும் எழுதித் தந்து, வங்கியும் சம்மதித்து, கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாள் வந்தால், கையெழுத்திட்ட பின்னும் மூன்று நாளுக்குள் வேண்டாம் என்று பின்வாங்கத் திட்டத்தில் இடமுண்டு. கூடவே, இந்தக் கடனைக் குறிப்பிட்டு ஓர் உயிலைப் பதிவு செய்து தரச் சொல்வார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

குளியலறைக் கம்பிக்கும் தரைக்கும் இத்தனையும் முடியக் காத்திருக்காதீர்கள். அந்தச் செலவை மகனும் மகளும் பகிர்ந்துகொள்ளட்டும். கொத்தனாரை இந்த வாரமே கூப்பிடுங்கள். மேலே நான் சொன்னது எல்லாம் உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து. ஓர் ஆவணத்தைக்கூட நான் பார்க்கவில்லை. இதை வைத்துக்கொண்டு எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடக் கூடாது. கணவர், மாமியார் இருவருடைய இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், 1994 கிரயப் பத்திரத்தின் நகல், அன்றிலிருந்து இன்றுவரையான வில்லங்கச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது இவற்றோடு திருச்சியிலேயே சிவில் வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

கொழுந்தனாருக்கு 73 வயது, போன மாதம் ஆஞ்சியோ ஆயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். இன்று ஒரு கையெழுத்தில் முடியும் அந்த 2 பங்குக்கு, அவர் உயில் எழுதாமல் போய்விட்டால், அவருடைய மனைவி, மூன்று பிள்ளைகள் என்று நான்கு பேரிடம் நீங்கள் நடக்கவேண்டியிருக்கும்.