வெயிலும் நாம்பனின் விதையும்

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பல, நிழல் நிறைந்த வளவுகளையும் விட்டே வந்தன. இரவற் காணியில், தகரக் கொட்டிலில் கட்டிய நாம்பனுக்கு விட்ட பசு மீண்டும் மீண்டும் வேட்கைக்கு வந்தால், நாம் பசுவையே குறை சொல்கிறோம். நாம்பனையும் பார்க்க வேண்டும்.

மாட்டின் உடற்சூடு ஏறத்தாழ 38.5 பாகை செல்சியஸ். விந்து நன்றாக உருவாக, விதைகள் அதைவிட 2 முதல் 6 பாகை குளிர்ந்திருக்க வேண்டும். அதற்காகவே விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குகிறது. சூட்டில் தளர்ந்து இன்னும் கீழிறங்குகிறது. உடலே கொதித்தால் இந்த ஏற்பாடும் போதாது. விந்தணுக்கள் குறையும், உருக்கெடும், நீந்தும் வலுவிழக்கும். நாம்பனோ வழக்கம்போல் ஏறும். அதனால்தான் நாம் ஏமாறுகிறோம்.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 61 நாள் செல்லும்; முதிர்ந்து வெளிவர மேலும் ஒரு வாரத்துக்கு மேலாகும். ஆகவே சித்திரை வெயிலின் சேதம் வைகாசி, ஆனியிலும் தெரியும். காய்ச்சல் கண்ட நாம்பனுக்கும் இதே கணக்குத்தான். ஜேர்சி, பிறீசியன் கலப்பினங்கள் நாட்டு மாட்டைவிட விரைவில் வாடும்.

தகரத்தின் மேல் கிடுகோ பனையோலையோ பரப்புங்கள். சோளகம் உள்ளே வரப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். கயிற்றில் நிற்கும் மாடு தானாக நிழல் தேடிப் போக முடியாதல்லவா? தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். பசுவை விடியலில் விடுங்கள். அப்படியும் இரண்டு மூன்று பசுக்கள் ஒரே நாம்பனுக்குச் சினைப்படாவிட்டால், மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். அதுவரை செயற்கைமுறைச் சினைப்படுத்தலை நாடலாம்.