வண்டியை விட்டு இறங்கிய பின்

1972ஆம் ஆண்டு ஜூலை மாதம். பிரான்சு நாட்டில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் நடைபெறும் 'டூர் டி பிரான்ஸ்' மிதிவண்டிப் போட்டி முடிய இன்னும் இரண்டே நாள்கள் இருந்தன. இரண்டாம் இடத்தில் இருந்த பிரெஞ்சு வீரர் சிரில் கிமார், முழங்கால் வலி தாங்காமல் போட்டியிலிருந்து விலகினார். 25 வயதான அவர், அந்தப் போட்டியில் நான்கு கட்டங்களை வென்றிருந்தார். முதலிடத்தில் இருப்பவருக்குரிய மஞ்சள் சட்டையையும் சில நாள்கள் அணிந்திருந்தார்.

பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் பட்டம் வென்றார். அதிகப் புள்ளிகள் பெற்றவருக்குரிய பச்சைச் சட்டையும் அவருக்கே கிடைத்தது. கிமார் விலகும்வரை புள்ளிகளில் முன்னணியில் இருந்ததை மெர்க்ஸ் மறக்கவில்லை. பாரிஸ் நகரில் அந்தச் சட்டையை அவரிடமே கொடுத்தார்.

1976இல் கிமார் குழு நிர்வாகியாகப் பொறுப்பேற்றார். குழு நிர்வாகி, வீரர்களுக்குப் பின்னால் காரில் செல்வார். யார் எப்போது முந்த வேண்டும், யார் யாருக்குத் துணைநிற்க வேண்டும் என்பனவற்றை அவரே முடிவு செய்வார். கிமாருக்கு அப்போது வயது 29. அவருடைய குழுவின் முதன்மை வீரரான லூசியன் வான் இம்பே, அவரைவிட மூன்று மாதம் மூத்தவர்!

வான் இம்பே மலையேற்றத்தில் வல்லவர். சிறந்த மலையேற்ற வீரருக்கான பரிசை அதற்கு முன்பே மூன்று முறை வென்றவர். ஒட்டுமொத்தப் பட்டத்தையே அவரால் வெல்ல முடியும் என்று கிமார் நம்பினார். பிரனீஸ் மலைப்பகுதியில் ஒரு நாள், இலக்கு வெகுதொலைவில் இருந்தபோதே முந்திச் செல்லுமாறு அவரை வற்புறுத்தினார். வான் இம்பே முதலில் தயங்கினார்; பிறகு முந்தினார். அன்று மஞ்சள் சட்டை அவர் வசமானது; பாரிஸில் பட்டமும் கிடைத்தது.

1980இல் கிமாரின் குழுவைச் சேர்ந்த பெர்னார்ட் ஈனோ, மஞ்சள் சட்டையுடன் முதலிடத்தில் இருந்தபோது முழங்கால் வலியால் விலக நேர்ந்தது. கிமாருக்கு அந்த வலி புதியதன்று. ஓய்வுக்குப் பின் களம் திரும்பிய ஈனோ, அதே ஆண்டில் உலக வெற்றியாளர் ஆனார். 1981, 1982ஆம் ஆண்டுகளில் டூர் பட்டத்தையும் வென்றார். 1983இல் ஈனோ மீண்டும் முழங்கால் வலியால் பங்கேற்க இயலாதபோது, 22 வயதான லோரான் ஃபின்யோன் தம் முதல் முயற்சியிலேயே வாகை சூடினார்.

1976 முதல் 1984 வரை, கிமாரின் வழிகாட்டலில் அவருடைய வீரர்கள் டூர் பட்டத்தை ஏழு முறை வென்றனர். தம் கால்களால் எட்ட முடியாத வெற்றியை, பிறரை எட்டச் செய்தார் கிமார்.