மனநலப் பாடம்: நெஞ்சு படபடக்குதா? ஓயாத பயத்தைப் புரிந்துகொள்வோம்



இந்த இதழில் நாம் படிக்கப்போவது ஓயாத பயத்தைப் பற்றி. வைத்தியர்கள் இதைப் பதகளிப்பு என்பார்கள். நம் லயங்களில் இதற்குப் பல பேர் உண்டு: நரம்புத் தளர்ச்சி, படபடப்பு, யோசனை, பயந்த கோளாறு. பேர் எதுவானாலும் படுகிற பாடு ஒன்றுதான். வெளியே ஆபத்து எதுவும் இருக்காது; ஆனாலும் உள்ளே நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும்.

இந்தப் பாடத்துக்கு உதாரணமாக ஒரு தோட்டத்தை எடுக்காமல், வன்னியில் இருக்கிற ஜெயபுரத்தை எடுத்திருக்கிறோம். காரணம் இருக்கிறது.

ஜெயபுரம் யாருடைய ஊர்?

கிளிநொச்சி மாவட்டத்தில், மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் வீதியை ஒட்டிய ஊர் ஜெயபுரம். பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து போன நம் ஆட்கள் பலர் குடியேறிய ஊர் அது. நம்மில் எத்தனையோ பேருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு அத்தையோ, ஒரு சித்தப்பாவோ, கூடப் பிறந்த ஒரு தங்கச்சியோ இருப்பார்கள்.

நம் சனம் எப்படிப் பிரிந்து போனது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். 1948ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1964ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஒரு பகுதி கப்பல் ஏறி இந்தியா போனது. 1973, 1974ல் தோட்டங்களில் பஞ்சம். பிறகு 1977, 1981, 1983 கலவரங்கள். இன்னொரு பகுதி வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போனது. 1977க்குப் பிறகு அப்படிப் போன குடும்பங்களை வவுனியாப் பக்கம் குடியேற்ற, டொக்டர் இராஜசுந்தரமும் எஸ். ஏ. டேவிட்டும் முன்னின்ற காந்தீயம் அமைப்பு பெரிய வேலை செய்தது.

அங்கே போயும் நிம்மதி நிலைக்கவில்லை. காடு வெட்டி, கிணறு வெட்டி, வீடு கட்டிய இடத்துக்கும் யுத்தம் வந்தது. 2008ல் வன்னியின் மேற்குப் பக்கத்துச் சனம் மூட்டை கட்டிக்கொண்டு கிழக்கே நகர்ந்தது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது, மிஞ்சியவர்களில் பெரும்பாலானோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்குள் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மறுபடியும் சொந்தக் காணிக்குத் திரும்பினார்கள். ஒரே ஆயுசில் இத்தனை முறை ஓடியவர்களுடைய உடம்பு எப்படிச் சும்மா இருக்கும்?

யுத்தம் முடிந்த சில மாதங்களில், 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை, யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2011ல் வெளியானது. பரிசோதித்தவர்களில் 32.6 வீதமானோருக்குப் பதகளிப்பு அறிகுறிகள் இருந்தன. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தவர்களிடம் அது இன்னும் கூடுதலாக இருந்தது.

ஓர் உதாரணம்

இது ஒரு குறிப்பிட்ட ஆளின் கதை இல்லை, பாடத்துக்காகச் சொல்கிறோம். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த ஒரு பிள்ளை, எட்டு வயதில், 1983ல், ராத்திரியோடு ராத்திரியாக லொறியில் ஏற்றப்பட்டு வன்னிக்குப் போனாள் என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்தாள், கல்யாணம் முடித்தாள். 2009ஐயும் தாண்டி வந்தாள். இப்போது ஜெயபுரத்தில் வீடு, தோட்டம், கோழி என்று இருக்கிறாள். ராத்திரியில் ரோட்டில் லொறிச் சத்தம் கேட்டால் மட்டும் கை கால் வெடவெடக்கும், நெஞ்சு படபடக்கும், விடியும் வரை தூக்கம் வராது.

முதலில் ராத்திரிப் பயணத்தை விட்டாள். பிறகு பஸ் ஏறுவதையே விட்டாள். பிறகு கிளிநொச்சி கிளினிக்குக்குப் போவதும் நின்றது. கடைசியில் ஹட்டனில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. அண்ணன் என்ன சொல்லுவார்? “காணி பூமி கிடைச்சதும் தங்கச்சிக்கு கர்வம் வந்துருச்சு” என்பார். அதோடு பேச்சுவார்த்தையும் நின்றுபோகும்.

கர்வமா அது? நோய். நோய் என்று தெரியாததால் ஒரு குடும்பமே இரண்டாகப் போகிறது. இந்தப் பாடத்தை எழுதுவதே அதற்காகத்தான்.

‘நரம்பு’ என்ற பேர் எப்படி வந்தது?

1769ல் ஸ்கொட்லாந்து வைத்தியர் வில்லியம் கலன் என்பவர், நரம்பின் கோளாறு என்ற பொருளில் ‘நியூரோசிஸ்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். அந்தப் பேச்சுத்தான் சுற்றிச் சுற்றி நம்மிடம் நரம்புத் தளர்ச்சி என்று வந்து சேர்ந்திருக்கிறது. பின்னாளில், நரம்பு அறுந்தோ தளர்ந்தோ போவதில்லை என்று வைத்தியர்கள் கண்டார்கள். 1980ல் அமெரிக்க மனநல வைத்தியர்கள் தங்கள் நோய்ப் பட்டியலை மாற்றி எழுதியபோது அந்தப் பழைய வகையைக் கைவிட்டு, பதகளிப்பு நோய்கள் என்று தனியாகப் பிரித்தார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. நரம்பு தளரவில்லை என்றால், நரம்புக்கு என்று விற்கிற டொனிக்கைப் போத்தல் போத்தலாகக் குடித்து என்ன பயன்? காசுதான் கரையும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

காட்டுப் பக்கம் கொழுந்து பறிக்கும்போது காலடியில் பாம்பு நெளிகிறது. யோசிப்பதற்கு முன்னமே துள்ளி விடுகிறீர்கள். அந்தக் கணத்தில் அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் பாய்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது. எல்லாமே ஓடித் தப்புவதற்கு உடம்பு செய்கிற உதவி. பாம்பு போனதும் உடம்பு தணிந்துவிடும்.

பதகளிப்பில் இந்தக் காவல் தணிவதில்லை. பாம்புக்கு எழுந்த உடம்பு, கயிற்றுக்கும் எழுகிறது; காய்ந்த இலை அசைந்தாலும் எழுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். பலமுறை உண்மையான ஆபத்தைக் கண்டவருக்கு இப்படி ஆவது கோழைத்தனம் ஆகாது.

அடையாளங்கள்

கீழே உள்ளவற்றில் பல, வாரக்கணக்காக, மாதக்கணக்காக இருந்தால் கவனியுங்கள்:

- காரணம் இல்லாத படபடப்பு, பெருமூச்சு, தொண்டை அடைப்பு, தலைப்பாரம்
- கை நடுக்கம், வியர்வை, அடிக்கடி மூத்திரம், வயிற்றுக் கலக்கம்
- தூக்கம் வராமை, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுதல்
- “என்னமோ நடக்கப் போகுது” என்ற ஓயாத யோசனை
- எரிச்சல், மறதி, வேலையில் மனம் நிற்காமை
- பஸ், கோயில் திருவிழா, கடைத்தெரு என்று ஒவ்வொன்றாக ஒதுங்கிப் போதல்

ஒரு எச்சரிக்கை. இரத்தசோகை, தைரொயிட் கோளாறு, இருதய நோய் இவற்றாலும் படபடப்பு வரும். ஆகவே முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியிலோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ உடம்பைப் பரிசோதியுங்கள். நெஞ்சு இறுகி வலித்து, அந்த வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், “இது யோசனைதான்” என்று சும்மா இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பயத்துக்கு யார் சோறு போடுகிறார்கள்?

நம் உதாரணத்துத் தங்கச்சியைப் பாருங்கள். பஸ் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பியபோது அவளுக்கு உடனே நிம்மதி கிடைத்தது. ஆனால் மனசு ஒரு தப்புக் கணக்குப் போட்டுக்கொண்டது: “நான் ஏறாததாலதான் தப்பிச்சேன்.” அடுத்த தடவை பயம் ஒரு படி கூடுதலாக வந்தது. இப்படி ஒவ்வொரு ஒதுங்கலும் பயத்துக்குப் போடுகிற ஒரு பிடி சோறு. ஒதுங்க ஒதுங்கப் பயம் கொழுக்கும். நாம் புழங்குகிற உலகம் சுருங்கும்.

அவுஸ்திரேலியாவில் கிளேர் வீக்ஸ் என்ற பெண் டொக்டர் இருந்தார். இளவயதில் அவருக்குச் சயரோகம் என்று தப்பாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பயத்தில் அவருக்கே மாதக்கணக்கில் படபடப்பு. முதலாம் உலக யுத்தத்தில் இருந்து வந்த ஒரு நண்பர், போர்முனையில் சிப்பாய்களுக்கும் இதே படபடப்பு இருந்தது, அது பயத்தின் வேலை என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். படபடப்பைக் கண்டு பயந்ததுதான் படபடப்பை வளர்த்தது என்று அவருக்கு விளங்கியது. 1962ல் சாதாரண சனங்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்ன வழி நான்கே சொல்லில் அடங்கும்: முகம் கொடு, ஏற்றுக்கொள், தண்ணீரில் மிதப்பதுபோல விடு, காலம் கொடு.

நாமே செய்யக்கூடியவை

1. மூச்சுப் பயிற்சி. வசதியாக உட்கார்ந்து, வயிற்றில் கை வையுங்கள். மூக்கால் நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். காலையில் ஐந்து நிமிஷம், படுக்கும்முன் ஐந்து நிமிஷம். படபடப்பு இல்லாத நாளிலும் பழகுங்கள். அப்போதுதான் தேவையான நேரத்தில் கைகொடுக்கும்.

2. அவரவர் வழியில் மன அமைதி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனநலப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், நம் மரபில் உள்ள சாந்தி முறைகளை வைத்தியத்தோடு சேர்த்தவர். நாமஜெபம், செபமாலை, திக்ர், சவாசனம் எதுவானாலும் உங்களுக்குப் பழகியதைச் செய்யுங்கள்.

3. யோசிக்க ஒரு நேரம். சாயந்தரம் இருபது நிமிஷம் ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் யோசனை வந்தால், “உனக்கு அஞ்சு மணிக்குத்தான் முறை” என்று தள்ளி வையுங்கள். படுக்கையில் யோசிக்க வேண்டாம்.

4. சாயம், வெற்றிலை, சாராயம். நாம் பறிக்கிற தேயிலையிலேயே படபடப்பைக் கூட்டும் கஃபீன் இருக்கிறது. மத்தியானத்துக்குப் பிறகு கடுஞ்சாயத்தைக் குறையுங்கள். பாக்கு அதிகமாகப் போட்டாலும் நெஞ்சு அடிக்கும். சாராயமோ கசிப்போ அன்றைக்கு ராத்திரிப் பயத்தை மறைக்கும். மறுநாள் காலையில் வட்டியோடு திருப்பிக் கொடுக்கும்.

5. படிப்படியாக முகம் கொடுத்தல். இதுதான் மருந்துகளில் பெரிய மருந்து. நம் தங்கச்சிக்கு இப்படி ஒரு ஏணி போடலாம்:
 - முதல் வாரம்: பஸ் நிற்கும் இடம் வரை போய், பஸ்ஸைப் பார்த்து நின்றுவிட்டு வருவது
 - அடுத்து: மகளோடு இரண்டு நிறுத்தம் தூரம் போய் வருவது
 - அடுத்து: அதே தூரம் தனியாக
 - அடுத்து: மகளோடு கிளிநொச்சி, பிறகு தனியாகக் கிளிநொச்சி
 - கடைசிப் படி: ஹட்டன்

 ஒவ்வொரு படியையும் பல நாள் செய்ய வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பி ஓடக்கூடாது. திடீரென்று எழும் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும். அது பாதியாகக் குறையும் வரை அங்கேயே நில்லுங்கள். அப்போதுதான் உடம்பு தானே படித்துக்கொள்ளும்.

யுத்தக் காட்சிகள் கண்முன் திரும்பத் திரும்ப வருபவர்கள் இந்த ஏணியைத் தனியாக ஏறவேண்டாம். உளவளத்துணையாளர் ஒருவரின் துணையோடு செய்யுங்கள்.

வைத்தியரிடம் எப்போது?

வேலைக்குப் போக முடியவில்லை, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம் போல இருக்கிறது என்றால் நாள் கடத்தாதீர்கள். மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு. கிளிநொச்சியிலும் உண்டு, நுவரெலியாவிலும் உண்டு. வைத்தியம் இலவசம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் பேசலாம்.

வைத்தியர் தரும் மாத்திரை சில இரண்டு, மூன்று கிழமைக்குப் பிறகே வேலை செய்யத் தொடங்கும். “நாலு நாள் குடிச்சேன், கேட்கலை” என்று விட்டுவிடாதீர்கள். கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேறு விஷயம், அது பழக்கமாகிவிடும். கோயிலில் நூல் கட்டுவதோ, கோடாங்கி பார்ப்பதோ மனசுக்கு ஆறுதல் என்றால் செய்யுங்கள். அதற்காகக் கிளினிக் தேதியைத் தவற விடாதீர்கள்.

வீட்டாருக்கு

“பயப்படாதே, ஒண்ணும் இல்லை” என்று அதட்டினால் பயம் போகாது; சொல்லாமல் மறைக்கத்தான் பழகுவார்கள். “உனக்கு எப்படி இருக்கு, சொல்லு” என்று கேளுங்கள். அவர்களுக்காக எல்லா வேலையையும் நீங்களே செய்துவிடாதீர்கள். கூட நடந்து போங்கள். சின்னப் படி ஏறினாலும் பாராட்டுங்கள். பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துத்தான் பயத்தையும் தைரியத்தையும் படிக்கிறார்கள்.

வன்னியில் இருக்கும் உறவு ஒருத்தர் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் வராமல் போனால், கோபிக்கும் முன் ஒரு தடவை போன் எடுத்துக் கேளுங்கள். முடிந்தால் நீங்கள் ஒருமுறை ஜெயபுரம் போய், திரும்பி வரும்போது அவரையும் பஸ்ஸில் பக்கத்திலேயே உட்காரவைத்துக் கூட்டி வாருங்கள். அந்த ஏணியின் கடைசிப் படி அதுதான்.

லயத்தில் கலந்து பேசுங்கள்

1. பயத்தால் நாம் ஒதுங்கிப்போன ஒரு காரியம் எது? அதற்கு முதல் சின்னப் படி எது?
2. நம் வீட்டில் “சும்மா நடிக்குது” என்று யாரையாவது சொல்லி இருக்கிறோமா?
3. பேச்சு விட்டுப்போன உறவில் யாருக்கு இந்த வாரம் போன் எடுக்கலாம்?